சுற்ற மறுக்கும் லென்ஸ்: ஆக்ஃபாவும் அதன் பச்சை கிரீஸும்

வேலைக்காக ஊர் ஊராக மாறுகிற நம் வீடுகளில், மூட்டை கட்டும் போதெல்லாம் பரணிலிருந்து ஏதாவது ஒன்று இறங்கும். பித்தளைக் குடம், கல்யாண ஆல்பம், பாடாத ரேடியோ... சில வீடுகளில் தோல் உறை போட்ட மடிப்புக் கேமரா ஒன்று. பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, கறுப்புத் துருத்தி நீண்டு, லென்ஸ் எட்டிப் பார்க்கும். பிள்ளைகள் ஆசையாகக் கையில் வாங்குவார்கள். ஃபோகஸ் வளையம் மட்டும் அசையவே அசையாது. "லென்ஸ் போயிடுச்சு, தூக்கிப் போடு" என்று யாராவது தீர்ப்பு சொல்ல, பேக்கர்ஸ் ஆட்கள் வருவதற்குள் அது பழைய சாமான்காரர் சாக்குக்குள் போய்விடும்.

அந்தக் கேமராவில் 'ஆக்ஃபா' என்றும் 'ஐசோலெட்' என்றும் எழுதியிருந்தால், தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். கண்ணாடி நன்றாகவே இருக்கும். கெட்டுப் போனது அதற்குள் தடவிய கிரீஸ். உலகம் முழுக்கப் பழைய கேமரா ரிப்பேர் செய்பவர்கள் மத்தியில் 'ஆக்ஃபா பச்சை கிரீஸ்' என்றால் ஒரு பெருமூச்சு வரும், அவ்வளவு பிரசித்தம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனி அடிப்படையில் ரசாயனக் கம்பெனி. கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் சுவை. நடுவில் சுவையில்லாத ஒரு பகுதியும் வரும், அதையும் தாண்டித்தான் போக வேண்டும்.

சாயப்பட்டறையில் தொடங்கிய கதை

1867-இல் பெர்லினுக்குப் பக்கத்தில் ரும்மல்ஸ்பர்க் என்ற இடத்தில் இரண்டு பேர் அனிலின் சாயத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒருவர் கார்ல் அலெக்சாண்டர் மார்ட்டியஸ். மற்றவர் பால் மெண்டல்சன் பார்தோல்டி. ஆமாம், மேற்கத்திய இசை கேட்பவர்களுக்குத் தெரிந்த அதே மெண்டல்சனின் மகன்தான். 1873-இல் அது பங்கு நிறுவனமாயிற்று. 'அனிலின் தயாரிப்புப் பங்கு நிறுவனம்' என்ற நீளமான ஜெர்மன் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்ததுதான் 'ஆக்ஃபா'.

துணிக்குச் சாயம் போட்டவர்கள் புகைப்படத்துக்கு வந்ததும் ரசாயனத்தின் வழியாகத்தான். அங்கிருந்த மொம்மே ஆண்ட்ரசன் என்ற வேதியியலாளர் 1891-இல் ரோடினால் என்ற டெவலப்பரைக் கொண்டு வந்தார். பாட்டிலில் இருந்து கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலந்தால் வேலை முடிந்தது. நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் அந்தச் சரக்கு இன்றும் விற்பனையில் இருக்கிறது. திறந்த பாட்டில் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்பது அதன் தனிப் பெருமை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கிரீஸ் பற்றிப் பேசும்போது சிரிப்பு வரும்.

கேமராவும் லென்ஸும் இன்னொரு வழியாக வந்து சேர்ந்தன. மியூனிக் நகரில் 1896-இல் தொடங்கிய ரீட்ஷல் என்ற லென்ஸ் கம்பெனியை 1921-இல் பேயர் வாங்கியது (ஆஸ்பிரின் மாத்திரை பேயர்தான்). 1925-இல் பேயர், பாஸ்ஃப், ஹோக்ஸ்ட், ஆக்ஃபா எல்லாம் சேர்ந்து ஐ.ஜி. ஃபார்பன் என்ற ராட்சத நிறுவனமானபோது, புகைப்பட வேலை முழுவதும் ஆக்ஃபா பெயருக்கு வந்தது. மியூனிக் தொழிற்சாலை ஆக்ஃபாவின் கேமராத் தொழிற்சாலை ஆயிற்று.

விளம்பரத்திலும் கெட்டிக்காரர்கள். ஜெர்மன் நாணயங்களில் எந்த ஊரில் அச்சடித்தது என்பதைக் காட்ட ஓர் எழுத்து இருக்கும். 1932-இல் ஆக்ஃபா ஓர் அறிவிப்பு செய்தது: ஏ, ஜி, எஃப், ஏ என்ற எழுத்துக்கள் உள்ள நான்கு ஒரு மார்க் நாணயங்களைக் கொண்டு வந்து கொடுத்தால், ஒரு பெட்டிக் கேமரா! ஜெர்மனி முழுக்க ஜனங்கள் சில்லறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு கேமரா போனது அப்படித்தான்.

1944: அதே கட்டடத்தில்

இதற்கடுத்த பன்னிரண்டு வருடங்களைத் தாவிவிட்டு நேராக 1950-க்குப் போகும் கேமரா வரலாறுகள் நிறைய. நாம் அப்படிப் போக வேண்டாம்.

ஐ.ஜி. ஃபார்பன் நாஜி ஆட்சியோடு கைகோத்தது. ஆஷ்விட்ஸ் முகாமை ஒட்டி மோனோவிட்ஸில் அது கட்டிய செயற்கை ரப்பர் தொழிற்சாலையில் கைதிகளை வேலை வாங்கியது. விஷவாயுவாகப் பயன்பட்ட சைக்ளான்-பி மருந்தை விற்ற கம்பெனியிலும் அதற்குப் பங்கு இருந்தது. போருக்குப் பின் நியூரம்பர்க்கில் நடந்த வழக்கில் 1948-இல் அதன் நிர்வாகிகள் 13 பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

மியூனிக் கேமராத் தொழிற்சாலையும் இதற்கு விலக்கில்லை. 1944 செப்டம்பரிலிருந்து அங்கே டாஹாவ் வதைமுகாமின் கிளை ஒன்று இயங்கியது. சுமார் 500 பெண் கைதிகள். முதலில் போலந்துப் பெண்கள், பிறகு நெதர்லாந்தில் நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த பெண்களும் வந்தார்கள். குண்டுவீச்சில் சேதமான ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தங்க வைத்து, தினமும் தொழிற்சாலைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். கேமரா செய்யும் நுட்பமான கருவிகளை வைத்து அவர்கள் செய்தது, குண்டுகள் குறித்த நேரத்தில் வெடிப்பதற்கான கருவிகள்.

1945 ஜனவரியில் சூப் தண்ணீராகிக்கொண்டே போனது, செய்ய வேண்டிய எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனது. நெதர்லாந்துப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். வதைமுகாமின் கைதிகள், துப்பாக்கிக்கு முன்னால், வேலைநிறுத்தம்! அவர்களில் ஒருவரைப் பிடித்து டாஹாவில் தனிச்சிறையில் அடைத்தார்கள். ஏப்ரல் கடைசியில் எல்லோரையும் தெற்கே நடக்க வைத்தார்கள். வழியில் அமெரிக்கப் படை வந்து சேர்ந்தபோது விடுதலை கிடைத்தது.

பழைய கேமராவைக் கையில் எடுத்து "ஆஹா, ஜெர்மன் வேலைப்பாடு" என்று நாம் மெச்சும்போது, அந்த வேலைமேசைகளில் இந்தப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஐசோலெட்டின் லென்ஸில் அவர்கள் கை பட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் அது அதே தொழிற்சாலையின் சரக்கு.

சினிமா போஸ்டரில் பார்த்த பெயர்கள்

போர் முடிந்ததும் ஆக்ஃபா இரண்டாகப் பிளந்தது. வோல்ஃபன் ஊரில் இருந்த பெரிய ஃபிலிம் தொழிற்சாலை ரஷ்யர் பகுதிக்குப் போயிற்று. அங்கே தயாரான ஃபிலிம் 1964-இல் 'ஆர்வோ' என்று பெயர் மாறியது. மேற்கில் இருந்த ஆக்ஃபா அதே 1964-இல் பெல்ஜியத்தின் கேவர்ட் கம்பெனியோடு சேர்ந்து ஆக்ஃபா-கேவர்ட் ஆனது.

இந்தப் பெயர்களெல்லாம் நமக்குப் புதியவை இல்லை. 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவாகலரில் எடுத்தது. அந்தக் கேவா, கேவர்ட்டின் கேவா. எழுபதுகளின் போஸ்டர்களில் 'ஆர்வோகலர்' என்று பார்த்திருப்பீர்களே, அது வோல்ஃபனின் சரக்கு. டூரிங் கொட்டகையில் நாம் பார்த்த வண்ணங்களில் பாதி இந்தக் குடும்பத்துச் சாயம்தான்!

வீட்டுக்குள் வந்தது வேறு. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த ஆக்ஃபா க்ளிக்-3 இந்தியாவில் எத்தனையோ குடும்பங்களின் முதல் கேமரா. ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள். அதில் ஃபோகஸ் வளையமே கிடையாது, லென்ஸ் ஒரே இடத்தில் நிற்கும். சுற்ற எதுவும் இல்லாததால் இறுகவும் எதுவும் இல்லை. பரணில் இருப்பது க்ளிக்-3 என்றால் இந்த வியாதி அதற்கு வராது. வியாதி ஐசோலெட்டுக்குத்தான்.

ஐசோலெட்

மியூனிக் தொழிற்சாலை ஐம்பதுகளில் ஐசோலெட் வரிசையைப் பெருமளவில் செய்து தள்ளியது. 120 ஃபிலிம், 6 × 6 சென்டிமீட்டர் நெகட்டிவ், மடித்தால் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம். லென்ஸில் மூன்று தரம். அக்னர், அபோட்டார் இரண்டும் மூன்று கண்ணாடி கொண்டவை. சோலினார் நான்கு கண்ணாடி கொண்ட உயர்ந்த ரகம்.

இதில் ஃபோகஸ் நடக்கும் விதம்தான் விஷயம். மொத்த லென்ஸும் முன்னும் பின்னும் போகாது. முதல் கண்ணாடி மட்டும் ஒரு பித்தளை மரையில் உட்கார்ந்திருக்கும். அந்த மரை, இரண்டாவது கண்ணாடியின் பித்தளைக் கூட்டுக்குள் சுற்றும். சுற்றினால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி இம்மியளவு கூடும், குறையும். ஃபோகஸ் மாற அந்த இம்மி போதும். வெளியே நாம் பிடித்துச் சுற்றும் வளையம், முதல் கண்ணாடியின் கூட்டோடு மூன்று பொடி ஸ்குருக்களால் பிணைந்திருக்கும். பித்தளையோடு பித்தளை உரசாமல் இருக்க, மரையில் கிரீஸ். அந்தக் கிரீஸ்தான் இன்று பச்சை அரக்காக உறைந்திருக்கிறது. அதே காலத்து மற்ற ஜெர்மன் கேமராக்களிலும் கிரீஸ் கெட்டியாகும், ஆனால் இந்த அளவுக்குப் பசை போட்டு ஒட்டியது போல ஆவது அபூர்வம்.

ஏன் இறுகுகிறது?

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுக் குத்துவிளக்கே போதும். குத்துவிளக்கைத் தண்டு, தட்டு, கொண்டை என்று மரையில் கழற்றலாம், அதனால்தான் ரயிலில் ஊரிலிருந்து கொண்டு வர முடிகிறது. நாலு வருடம் கழற்றாமல் விட்டுப் பாருங்கள். எண்ணெய் மரைக்குள் இறங்கிப் பிசினாகி, பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடித்து, என்ன திருகினாலும் கழலாது. பாட்டி என்ன செய்வார்? வெந்நீரில் போட்டு ஊற வைப்பார், ஒரு துணி சுற்றிப் பிடித்துத் திருகுவார். சுத்தியல் எடுக்க மாட்டார்.

லென்ஸிலும் அதே கதைதான். கிரீஸ் என்பது எண்ணெயும், அதைப் பிடித்து வைக்கும் சோப்பு போன்ற ஒரு பொருளும் கலந்தது. ஸ்பாஞ்சு தண்ணீரைப் பிடிப்பது போல, சோப்பு எண்ணெயைப் பிடித்திருக்கும். வருடங்கள் போகப் போக எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் போய்விடும். மிச்ச எண்ணெய் காற்றோடு சேர்ந்து பிசினாகும். கொழுப்பு அமிலங்கள் பித்தளையில் உள்ள செம்போடு சேர்ந்தால் பச்சை நிறச் செம்பு உப்புகள் உண்டாகும், களிம்பின் பச்சை போலவே. எழுபது வருடத்தில் மிஞ்சுவது வழுக்காத மெழுகு. கெடாத டெவலப்பரைக் கண்டுபிடித்த கம்பெனி, ஒரு கிரீஸில் கோட்டை விட்டது. :-)

என்ன கோளாறு என்று பார்ப்பது

ஃபோகஸ் ஆகாத லென்ஸுக்கு எல்லாம் கிரீஸ்தான் காரணம் என்றில்லை. கழற்றுவதற்கு முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை:

ஒன்று, வளையம் அசையவே இல்லையா? அப்படியென்றால் கிரீஸ். ஒரு விதத்தில் இது நல்ல செய்தி. யாரும் பலவந்தம் செய்யவில்லை என்று அர்த்தம்.

இரண்டு, வளையம் சுற்றுகிறது, ஆனால் படம் எப்போதும் மங்கலா? இதுதான் ஆபத்தான நிலை. இறுகிப் போன வளையத்தை யாரோ பலத்தோடு திருகியிருப்பார்கள். முதல் கண்ணாடிக் கூடு தன் மரையில் சுற்றாமல், இரண்டாவது கூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஷட்டரிலிருந்தே கழன்று வந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபோகஸ் ஆவது போலத் தோன்றும், உள்ளே கணக்கே மாறியிருக்கும். லென்ஸுக்கும் ஷட்டர் முகப்புக்கும் நடுவில் புதிதாக இடுக்கு தெரிகிறதா என்று பாருங்கள்.

மூன்று, வளையம் சுகமாகச் சுற்றுகிறது, இடுக்கும் இல்லை, ஆனாலும் தூரக் காட்சி தெளியவில்லையா? முன்பு யாரோ திறந்து சுத்தம் செய்துவிட்டு, வளையத்தைத் தவறான இடத்தில் பூட்டியிருக்கலாம். அல்லது லென்ஸைத் தாங்கும் கைகள் வளைந்து, லென்ஸ் சாய்ந்து நிற்கலாம்.

நான்கு, டார்ச்சை லென்ஸின் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. சென்னை, மும்பை, கொல்கத்தா ஈரக்காற்றில் தோல் உறைக்குள் வைத்த லென்ஸுக்கு இது சாதாரணம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

அதே டார்ச்சை இருட்டறையில் துருத்திக்குள்ளும் அடியுங்கள். மடிப்பு மூலைகளில் நட்சத்திரம் போல ஒளிப் புள்ளிகள் தெரிந்தால் துருத்தியும் ஓட்டை. ஐசோலெட்டின் இரண்டாவது பிரசித்தமான வியாதி அது.

பிரிப்பது

செய்முறை எளிது, பொறுமைதான் பெரிது. நகைக்கடை ஸ்குரு டிரைவரால் வளையத்தின் ஓரத்தில் உள்ள மூன்று பொடி ஸ்குருக்களைத் தளர்த்தினால் வளையம் வந்துவிடும். பிறகு முதல் இரண்டு கண்ணாடிக் கூடுகளையும் சேர்த்து ஒரே துண்டாக ஷட்டரிலிருந்து கழற்றி எடுக்க வேண்டும். வெளியே வந்த பிறகுதான் மற்ற வேலை. ஷட்டரோடு இருக்கும்போது மருந்து விட்டால் அது ஷட்டர் தகடுகளுக்குள் ஓடும்.

அந்தத் துண்டை மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, லைட்டர் பெட்ரோல் எனப்படும் நாஃப்தாவிலோ அசிட்டோனிலோ ஊற வைப்பார்கள். ஒரு நாளில் சில, ஒரு வாரத்தில் சில இளகும். நடுநடுவே எடுத்து உலர்த்தி, ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டுவார்கள். படாரென்று சூடு ஏற்றினால் கண்ணாடி விரிசல் விடும். மருந்து முழுக்கக் காய்வதற்கு முன் சூடு காட்டக் கூடாது. இரண்டும் சட்டென்று தீப்பிடிப்பவை, ஆகவே சமையலறைப் பக்கமே வேண்டாம், ஜன்னலும் திறந்திருக்கட்டும். அசிட்டோன் எழுத்தின் வண்ணத்தையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். கூடுகளைப் பிடிக்க ரப்பர் துண்டு போதும். குறடு எடுத்தால் பித்தளை நெளிந்து, பிறகு எந்த மருந்தாலும் சுற்றாது.

விட்டுக்கொடுக்கும் நொடியில், முதல் கூடு மரையிலிருந்து கழன்று பிரியும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரும்பப் பூட்டும்போது மரை அதே இடத்தில் பிடிக்க வேண்டும். பச்சைப் பிசினைப் பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்தெடுத்து, புதிய கிரீஸ் மிகக் கொஞ்சம், மரையில் மட்டும் தடவினால் போதும். அதிகமானால் கண்ணாடிக்கு வழியும்.

முடிவிலியைக் கண்டுபிடிப்பது

பிரித்துப் பூட்டியதும் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் உண்டு. வளையத்தில் படுத்த எட்டு போல முடிவிலிக் குறி ஒன்று இருக்கும். வளையம் அங்கே நிற்கும்போது தூரத்துக் கோபுரம் ஃபிலிமில் கூர்மையாக விழ வேண்டும். அந்தப் பொருத்தம் கழற்றியபோதே போய்விட்டது.

ஆகவே கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் எந்தத் தளத்தில் படிந்து ஓடுமோ அதே தளத்தில், சிறு கண்ணாடித் துண்டில் பட்டர் பேப்பர் ஒட்டி, பேப்பர் லென்ஸைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஷட்டரை 'பி'-யில் திறந்து வைத்து, அபெர்ச்சரையும் முழுக்கத் திறந்து, அரைக் கிலோமீட்டராவது தள்ளி இருக்கும் தண்ணீர்த் தொட்டியையோ செல்போன் டவரையோ நோக்கி நிறுத்த வேண்டும். பேப்பரில் தலைகீழாக ஒரு சின்ன உலகம் விழும். பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே முதல் கண்ணாடிக் கூட்டை மட்டும் சுற்றினால், ஓரிடத்தில் டவரின் கம்பிகள் கத்தி போல நிற்கும். அங்கே கையை எடுத்துவிட்டு, கூட்டை அசைக்காமல் வளையத்தை முடிவிலிக் குறியில் பொருத்தி, மூன்று ஸ்குருவையும் இறுக்கினால் தீர்ந்தது.

பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டத்துக்கு மட்டும் கட்டாயம் கூப்பிடுங்கள். மின்சாரமோ திரையோ இல்லாமல் பேப்பரில் தெரு அசைவதைப் பார்ப்பதைவிடப் பெரிய அறிவியல் பாடம் கிடையாது.

நாமே செய்வதா, கொடுப்பதா?

மியூனிக் தொழிற்சாலையில் கேமரா செய்வதை எண்பதுகளின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். ஃபிலிம் வியாபாரத்தைத் தனியே பிரித்து உருவாக்கிய ஆக்ஃபாஃபோட்டோ 2005-இல் திவாலானது. மியூனிக்கில் ஆக்ஃபா பெயரோடு நின்ற உயர்ந்த கட்டடத்தை 2008-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். உதிரிப் பாகம் கேட்டு எழுத அங்கே இனி யாரும் இல்லை. இருக்கிற அறிவெல்லாம் ரிப்பேர்காரர்களின் கைகளில்தான் இருக்கிறது. தில்லி சாந்தினி சவுக்கிலும் மும்பை போரா பஜாரிலும் கேமராக் கடைகள் நிறைந்த சந்துகள் உண்டு. பழைய சாமானைத் தொடத் தெரிந்தவர்களை அங்கே விசாரிக்கலாம். வேலைக்கு ஆகும் செலவு சில சமயம் கேமராவின் சந்தை விலையையே தாண்டும். தாத்தா உங்கள் அப்பாவைப் படமெடுத்த கேமராவுக்கு அந்தக் கணக்குப் பார்ப்பதா என்பது உங்கள் இஷ்டம்.

யாரிடம் கொடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். "முதல் கண்ணாடியும் இரண்டாவது கண்ணாடியும் ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றுகிறதா?" "பூட்டிய பிறகு முடிவிலியை எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்?" இரண்டுக்கும் நிதானமாகப் பதில் சொல்பவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். கேள்வி முடிவதற்குள் குறடை எடுப்பவரிடமிருந்து கேமராவை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.